எந்தக் காட்டுக்கு எந்தக் கூடாரம்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். இந்த முறை அது மூக்கோடு நிற்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த ஐந்து நாளும் உச்சந்தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. ஊர் திரும்பி இரண்டு வாரமாகியும் இறங்கவில்லை. எழுதினாலாவது இறங்குகிறதா பார்க்கிறேன்.

நான் இருப்பது மலேசியாவில், ஈப்போவில். என் தங்கை அமலியின் கணவர் ஞானராஜ் ஒரு காலத்தில் எங்கள் ஊருக்கு வெல்டிங் வேலைக்கு வந்தவர். திரும்பிப் போகும்போது அமலியைக் கட்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்துப் போய்விட்டார். அதாகிறது இருபது வருடம். இரண்டு வருடத்துக்கு முன்னால் அமலி ஸ்கூட்டியில் போகும்போது கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்து, ஆப்பரேஷன் செய்து, இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் தவிர வீட்டை விட்டு வெளியே வந்ததில்லை.

கிறிஸ்துமஸுக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டபோது சொன்னாள்: "பொங்கல் முடிஞ்சதும் எல்லாரும் காட்டுல போயி ரெண்டு நாள் தங்குவாவ அக்கா. சமைச்சு, சாப்பிட்டு, ஒரே கும்மாளமா இருக்கும். ரெண்டு வருசமா எனக்குத்தான் இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாளே லீவு எழுதிக் கொடுத்தேன்.

காட்டில் தங்குவது எனக்குப் புதிதல்ல. பிள்ளைகள் சிறிசாக இருந்த நாளிலிருந்து வருடத்துக்கு நாலு முறை ஆற்றங்கரையில் கூடாரம் அடிக்கிற குடும்பம் எங்களுடையது. வீட்டில் மூன்று கூடாரம் இருக்கிறது. அதில் பெரியதைத் தூக்கி வருகிறேன், அமலியையும் கூட்டிக்கொண்டு போவோம் என்று ஞானராஜுக்குப் போன் செய்தேன். "எதுக்கு மைனி அம்புட்டுத் தூரம் சொமந்துக்கிட்டு, டெண்டெல்லாம் இங்கயே கெடைக்கும்" என்றார். நம்பினேன். என் முதல் முட்டாள்தனம் அது.

முதல் நாள் நான் போய் இறங்கியதும் பால்கோவாவைக் கையில் திணித்தார்கள். வாயில் போட்டு முடிப்பதற்குள் இன்னொரு உருண்டை. இனிப்பால் என் வாயை அடைக்கிறார்கள் என்று அப்போது புரியவில்லை. அமலி ஸ்டூலில் உட்கார்ந்தபடியே நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தாள். எங்கள் ஊர்ப் பேச்சு அவள் வாயிலிருந்து சுத்தமாகப் போய்விட்டது. "செத்த நேரம் இரு அக்கா, இந்தா ஆச்சு" என்கிறாள். குழம்பு மட்டும் எங்கள் அம்மா வைத்தது போலவே இருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவும்போது கூடாரத்தைப் பற்றிக் கேட்டேன்.

"டெண்ட் எதுக்கு மைனி? நாங்க தார்ப்பாய விரிச்சு மேல பாத்துப் படுத்துக்கிடுவோம்" என்றார் ஞானராஜ்.

"அமலி எப்படிக் கீழே படுத்து எழுந்திருப்பாள்?"

"அவ எதுக்கு அங்கன வந்து கஷ்டப்படணும்? வீட்டுல சொகமா இருக்கட்டும்."

கெட்ட மனுஷர் இல்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் அவளைத் தூக்கித் தூக்கி வைத்தவர். ஆனால் அந்த 'சொகமா' என்ற வார்த்தையைக் கேட்டதும் கையிலிருந்த துண்டை அவர் முகத்தில் எறியலாமா என்றிருந்தது. அமலியைப் பார்த்தேன். அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நானே ஒரு கூடாரம் வாங்கி, அவளை அதற்குள் உட்கார வைத்துவிட்டுத்தான் ஊர் திரும்புவது என்று முடிவு செய்தேன். என் துப்பட்டாவை எடுத்து வாக்கரின் அகலத்தை அளந்து ஒரு முடிச்சு, அமலியின் உயரத்துக்கு ஒரு முடிச்சு போட்டு வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். தார்ப்பாய், படுதா, கயிறு விற்கிற ஒரு கடையில் கூடாரமும் இருக்கிறது என்று விசாரித்து வைத்திருந்தேன். கடைக்காரரும் அவர் மனைவியும் தங்களுக்குள் தெலுங்கில் பேசுகிறவர்கள். ஈப்போவில் எங்கள் பக்கத்து வீட்டிலும் தெலுங்குக்காரர்கள்தான், எனக்கும் தெலுங்கு புரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. நான் நாலு கூடாரத்தை விரிக்கச் சொன்னதும் அவர் மனைவியிடம் தெலுங்கில் சொன்னார்: "இந்தம்மா வாங்காது. எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டுப் போயிரும். பெருசை எடுக்காதே."

"பெரியதை எடுங்கள்" என்றேன் தமிழில். அந்த அம்மா சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போனார்.

குடும்பத்தோடு போகிறவர்கள் கூடாரம் வாங்கும்போது பையில் அச்சடித்திருப்பதை நம்பக் கூடாது. 'நாலு பேர்' என்றால் நாலு பேர் தோளோடு தோள் இடித்து மல்லாக்கப் படுக்கலாம், புரளக் கூடாது, பையோ செருப்போ தண்ணீர்ப் பாட்டிலோ உள்ளே வரக் கூடாது என்று பொருள். ஆள் கணக்கில் இரண்டைக் கூட்டித்தான் வாங்க வேண்டும். நடுவில் நின்று சேலை கட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மேலே தனியாக இன்னொரு துணி வருகிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் விடியும்போது நம் மூச்சே தண்ணீராகி நம் மேல் சொட்டும். நான் கடை நடுவில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு கூடாரத்துக்குள்ளும் படுத்துப் பார்த்தேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"இது எட்டுப் பேரு படுக்கலாம்மா" என்று கடைக்காரர் ஒன்றைக் காட்டினார்.

"எட்டுப் பேரா, எட்டு இட்லியா?" என்று கேட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

கடைசியில் அதுதான் தேறியது. நிமிர்ந்து நிற்கிற உயரம், வாசல் என் துப்பட்டா முடிச்சுக்கு மேல் அரை முழம் அகலம். வாசலின் அடியில் மட்டும் தரைத் துணி ஒரு சாண் உயரத்துக்கு நின்றது. அது பூச்சி வராமல் இருப்பதற்கு. வாக்கர் அதில் தட்டினால் அமலி முகம் குப்புற விழுவாள். "இதை மடக்கித் தைத்துக் கொடுங்கள்" என்றேன். "கம்பெனி வச்சதை நாம வெட்டக் கூடாதும்மா" என்றார் அவர். கால் மணி நேரம் சண்டை. அந்த அம்மாதான் பேசாமல் வந்து, மெஷினில் உட்கார்ந்து, மடக்கித் தைத்து என் கையில் கொடுத்தார்.

திரும்பும்போது கண்டக்டர் என் பையைக் காலால் தட்டி, "இந்தக் கட்டுக்கு லக்கேஜ் போடணும். என்னம்மா அதுல?" என்றார். "வீடு" என்றேன். "வீட்டுக்கு எம்புட்டுன்னு எங்க புஸ்தகத்துல இல்லியே" என்று சொல்லிவிட்டு, யோசித்துவிட்டு, இரண்டு டிக்கெட் கிழித்தார். பஸ் பிரேக் போட்டதில் வீடு உருண்டு போய் ஒரு பெரியவரின் கணுக்காலில் மோதியது. அவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள்தான் உண்மையான கூத்து. கூடாரம் வாங்குவதற்கு முன்னாலேயே இடத்தைப் பார்த்திருக்க வேண்டும், நான் பின்னால் போனேன். காடு என்றால் இங்கே எது என்று பக்கத்து வீட்டில் கேட்டேன். "காடு பாக்கணுமா, செண்பகத்தோப்புக்குப் போங்க" என்றார்கள். ஆட்டோ பிடித்துப் போனேன். மாந்தோப்புகளைத் தாண்டினால் மலை எழுந்து நிற்கிறது. நல்ல நிழல். இங்கே ஒரு சமதளம் கிடைத்தால் அமலி மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கலாம் என்று மனசுக்குள் நாற்காலி போட்டுவிட்டேன்.

வனத்துறைச் சாவடியில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டெண்டா? இங்கயா? யாரும்மா ஒங்களுக்குச் சொன்னது?"

"என் தங்கை வீட்டுக்காரர். வருடா வருடம் குடும்பத்தோடு தங்குகிறார்களாம்."

"வருசா வருசமா?" என்று அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "இது புலி இருக்கிற எடம். பொழுது சாஞ்சா ஆளு நிக்கப் படாது. அவரு பேரு என்ன, எந்தத் தெரு?"

பெயரைச் சொல்லியிருப்பேன். அவ்வளவு கோபம் எனக்கு. அமலிக்காகச் சொல்லாமல் ஆட்டோவில் ஏறினேன். பாதி வழியில் ஆட்டோ நின்றுவிட்டது. டிரைவர் சாய்த்துப் பார்த்தார், உதைத்துப் பார்த்தார், கிளம்பவில்லை. உச்சி வெயிலில் மாந்தோப்பு ஓரமாக நடந்தேன். நடந்த தூரம் முழுக்க ஞானராஜிடம் என்ன கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன்.

வீட்டில் அவர் அண்ணன் தம்பிகள் குடும்பத்தோடு உட்கார்ந்து அரிசி பருப்புக்குப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். நல்லதாகப் போயிற்று என்று எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டேன். "நடக்க முடியாத பெண்ணிடம் பொய் சொல்ல வெட்கமாக இல்லையா? அந்தக் காட்டில் ஈ காக்கை தங்கக் கூடாதாம். வருடா வருடம் எங்கே போகிறீர்கள்? இவளை வீட்டில் அடைத்துவிட்டு எங்கே போய்க் கும்மாளம் போடுகிறீர்கள்?"

ஞானராஜ் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "எந்தக் காட்டுல மைனி?"

"செண்பகத்தோப்பில்."

அவருடைய தம்பி மனைவி ஆரம்பித்து, வீடே சிரித்தது. "மைனி, காடுன்னா நம்ம காடு. வன்னியம்பட்டியில இருக்கிற வெள்ளாமைக் காடு. மக்காச்சோளம் ஒடிச்சுக் களத்துல காயப் போட்டுருக்கு. பன்னி வந்துரும்னு ரெண்டு நாள் காவலுக்கு இருப்போம்" என்றார் ஞானராஜ்.

எங்கள் ஊரில் காடு என்றால் காடு. மரம், அட்டை, மழை. இங்கே உழுது விதைக்கிற நிலத்துக்குக் காடு என்று பெயர். இருபது வருடமாகத் தங்கையிடம் போனில் பேசுகிறேன், 'அவிய காட்டுக்குப் போயிருக்காவ' என்று அவள் சொல்லும்போதெல்லாம் ஞானராஜ் ஏதோ மரம் வெட்டப் போகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். தப்பு செய்தது நான் என்று தெரிந்த பிறகு என் கோபம் இன்னும் கூடிவிட்டது, ஏனென்றால் அதை யார் மேலும் காட்ட முடியவில்லை.

சரி, வயல்வெளி என்றால் இன்னும் வசதி. தரை சமமாக இருக்கும். கூடாரத்தை வீட்டு முற்றத்திலேயே அடித்துக் காட்டி, அமலியைக் கூப்பிட்டேன். "வா, உள்ளே நடந்து பார். வாசல் தட்டாது. உனக்கு ஒரு கட்டில் போட்டுத் தருகிறேன்."

அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலோடு நின்றுவிட்டாள். "நான் வரல அக்கா."

"என்னது?"

"வரலன்னா விட்டுரு."

அவ்வளவுதான். நான் கடல் தாண்டி வந்தது, கடை நடுவில் படுத்து எழுந்தது, சாவடியில் அவமானப்பட்டது எல்லாவற்றையும் அவள் தலையில் கொட்டினேன். உனக்கு வீட்டுக்குள் கிடப்பதுதான் பிடித்திருக்கிறது, சும்மா என்னிடம் போனில் ஏங்குகிற மாதிரி வேஷம் போட்டாய் என்றுகூடச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் என் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"இந்த ஊருல பொம்பளைங்க காட்டுக்குப் போறேன்னு சொன்னா வெள்ளாமைக்கு மட்டும்னா நெனைக்க? ஒதுங்கப் போறதுக்கும் அதே பேச்சுதான்" என்றாள். "அங்கன கக்கூஸ் கெடையாது. எல்லாரும் இருட்டட்டும்னு அடக்கிக்கிட்டு இருந்து, பொறவு ஓடைப் பக்கம் போவாவ. குத்த வைக்கணும்லா? எனக்கு இடுப்பு மடங்காதே. டாக்டரு குத்த வைக்கவே கூடாதுன்னுட்டாரு. இங்க எனக்கு ஓட்டை போட்ட நாற்காலி இருக்கு. அங்கன நான் என்ன செய்ய?"

"இதை ஞானராஜிடம் சொல்ல வேண்டியதுதானே?"

"எப்புடிச் சொல்ல? அண்ணன் தம்பி எல்லாரும் இருக்கையில, இவளுக்கு இதுக்கு ஒரு ஏற்பாடு செய்யணும்னு அவிய போயிச் சொல்லணுமா? அதுக்கு நான் வீட்டுலயே கெடந்துட்டுப் போறேன். படுக்கதுக்கு எனக்கு எதுக்குக்கா டெண்டு? நான் எங்கயும் படுப்பேன்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊரில் கூடாரம் அடிக்கிற இடம் என்றால் நுழைவிலேயே கழிப்பறை இருக்கும். அது இல்லாத இடத்துக்கு நாங்கள் போனதே இல்லை. இருபத்தைந்து வருடம் கூடாரம் அடித்தவள், வாசல் அகலத்தை அளந்தேன், உயரத்தை அளந்தேன். இதை யோசிக்கவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. ஞானராஜ் கேட்காததற்கு அவரைத் திட்டினேன், என்னை யார் திட்டுவது?

நாலாம் நாள் மறுபடியும் ராஜபாளையம். கடைக்காரர் என்னைக் கண்டதும் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, "வித்த பொருளு வாங்க மாட்டோம்மா" என்றார். அவரை விட்டுவிட்டு அந்த அம்மாவைத் தனியாக அழைத்துச் சொன்னேன். பாதி சொல்லும்போதே அவர் படுதாவை எடுத்து விரிக்க ஆரம்பித்துவிட்டார். "நாற்காலி எம்புட்டு அகலம்?" என்று மட்டும் கேட்டார். துப்பட்டாவில் மூன்றாவது முடிச்சு போட்டு வந்திருந்தேன். அதைக் காட்டினேன்.

ஆள் உயரத்துக்கு நாலு பக்கமும் படுதா, நாலு மூலையிலும் கம்பு நுழைகிற மாதிரி மடிப்பு. வாசலுக்கு ஒன்றன் மேல் ஒன்று ஏறுகிற இரட்டைத் தொங்கல், தரையோடு தரையாக. "மேல மூடாம விடக் கூடாதும்மா. தென்னை மரத்துல ஆளு ஏறுவான்" என்று கூரையும் வைத்துத் தைத்தார். கைபிடிக்கக் கயிறு வலது பக்கமா இடது பக்கமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இந்த முறை அமலிக்குப் போன் செய்து கேட்டேன். "வலது" என்றாள்.

நடுவில் கடைக்காரர் எட்டிப் பார்த்து, இது என்ன புதுத் தினுசு என்று தெலுங்கில் கேட்டார். "உங்களுக்கு ஐம்பது வயசு வரைக்கும் தெரியாதது" என்று அந்த அம்மாவும் தெலுங்கிலேயே சொன்னார். அவர் கல்லாவுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

ஐந்தாம் நாள் காலையில் வன்னியம்பட்டி. அமலி வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தாள். வழி முழுக்க ஜன்னலை மூட விடவில்லை. காட்டில் சோளம் உரிக்க நாலைந்து பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களில் மாரியம்மா என்பவர் மண்வெட்டியை என் கையிலிருந்து பிடுங்கி, "ஒங்க வெட்டு இந்தக் கரிசலுக்கு ஆவாது" என்று தானே குழி வெட்டினார். மோட்டார் ரூமுக்குப் பின்னால் நாலு கம்பை நட்டு, படுதாவை மாட்டி, குழிக்கு மேல் நாற்காலியை வைத்து, பக்கத்தில் ஒரு வாளி மண்ணும் ஒரு வாளி தண்ணீரும் வைத்தோம். நான் பாடுபட்டு வாங்கிய பெரிய கூடாரம் இந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் நின்றது. ஆண்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பாராட்டினார்கள். மற்றதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

மதியத்துக்குள் அமலி நாலு சொம்பு தண்ணீர் குடித்தாள். எண்ணிக்கொண்டிருந்தேன். வெங்காயம் உரித்தாள், கோழிக்கு உப்பு சரியா என்று பார்த்தாள், கொழுந்தன்மாரை ஏலே ஏலே என்று விரட்டினாள். உரிக்க வந்த பெண்களும் ஒருவர் பின் ஒருவராக அவளிடம் வந்து, "செத்தப் போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டு மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய்வந்தார்கள்.

நாலு மணிக்கு மலைப் பக்கமிருந்து கருத்துக்கொண்டு வந்தது. இந்தப் பருவத்தில் மழை வராது என்று காலையில்தான் ஞானராஜ் அடித்துச் சொன்னார். களம் முழுக்க மக்காச்சோளம். கொண்டு வந்த தார்ப்பாய் முக்கால் களத்துக்குத்தான் வந்தது. அவர் நாலு பக்கமும் பார்த்தார். பிறகு நேரே மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஓடினார். "அந்தப் படுதாவப் பிரிங்கலே" என்று தம்பிகளுக்குச் சத்தம் கொடுத்தார்.

நான் ஓடுவதற்குள் அமலி அங்கே இருந்தாள். எப்படி அவ்வளவு வேகமாக வந்தாளோ தெரியாது. வாசலுக்குக் குறுக்கே வாக்கரை ஊன்றி நின்றாள்.

"ஏட்டி, தள்ளு. சோளம் நனையுது" என்றார் ஞானராஜ்.

"நனைஞ்சா நாளைக்குக் காயப் போட்டுக்கிடலாம். இதப் பிரிச்சா நான் எங்க போவேன்?"

"என்னத்துக்கு?"

"ஒண்ணுக்கு ரெண்டுக்கு நான் எங்க போவேன்? ரெண்டு வருசமா நான் ஏன் வரலன்னு ஒரு நாளாச்சும் கேட்டியளா? எல்லாரும் இருக்காவ, இப்ப சொல்லுங்க. நான் எங்க போகணும்?"

தம்பிகள் தரையைப் பார்த்தார்கள். ஞானராஜின் கை படுதாவின் மேல் இருந்தது. மாரியம்மா சோளக்கதிரைக் கீழே போட்டுவிட்டு வந்து அமலிக்குப் பக்கத்தில் நின்றார். "விடுங்கய்யா. நாங்களும் அங்கதான போயிட்டு வாரோம்" என்றார். ஞானராஜ் கையை எடுத்துக்கொண்டார். "எனக்குத் தோணலியே அமலி" என்றார். அவருடைய குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

முதல் தூறல் விழுந்தது. நான் வேப்பமரத்தடிக்குப் போய் என் கூடாரத்தின் கயிறுகளை அவிழ்த்தேன். மேல் துணி, உள் துணி, தரைத் துணி, மூன்றையும் உரித்துக் களத்தில் இழுத்து வந்து போர்த்தினேன். எட்டு இட்லிக்கு வாங்கியது, மிச்ச சோளத்துக்குச் சரியாக இருந்தது. நாலு மூலையிலும் கல் வைப்பதற்குள் மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது. மோட்டார் ரூமுக்குள் சமையல் சாமானும் பிள்ளைகளும் நிறைந்திருந்தார்கள். ஒதுங்க வேறு இடமில்லாமல் பெரியவர்கள் எல்லாரும் நட்ட நடுக் காட்டில் தொப்பலாக நனைந்தோம்.

மோட்டார் ரூமுக்குப் பின்னாலிருந்த அந்தக் கூடாரம் ஒழுகவில்லை. வாசல் தொங்கலை விலக்கிக்கொண்டு அமலி தலையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் மாரியம்மா நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, உள்ள வா. இன்னும் ஒரு ஆளு நிக்கலாம்" என்றாள்.

நான் போகவில்லை. அவளிடம் கேட்காமல் விட்டது நானும்தான். ஞானராஜ் முழுக்க நனைந்து முடிகிற வரைக்கும் அவர் பக்கத்திலேயே நின்றேன்.